பள்ளி முடிந்தது, இனி எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாட்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, 'அடுத்து என்ன செய்வது?' என்ற ஒரே கேள்வியைப் பல குரல்களில் கேட்கின்றன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறேன். எல்லாப் பாடங்களும் ஓரளவு நன்றாகவே வரும். ஆனால் எதன்மேலும் தனியாக ஆசை இல்லை. தோழிகள் எல்லாரும் தாம் என்ன ஆகப் போகிறோம் என்பதைத் தீர்மானித்துவிட்டார்கள். வீட்டில் மருத்துவம் படிக்கச் சொல்கிறார்கள். 'உனக்கு எதில் ஆர்வம்?' என்று யாராவது கேட்டால் எனக்கு அழுகைதான் வருகிறது. எனக்கு எது பிடிக்கும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு மாணவி

பதில்: தோழிகள் எல்லாரும் தீர்மானித்துவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியிலிருந்தே தொடங்குகிறேன். பல ஆண்டுகள் இறுதி வகுப்பு மாணவர்களுக்குக் கற்பித்தவன் என்ற முறையில் நான் கண்டது இது: பதினேழு வயதில் உறுதியாகப் பேசுகிறவர்களில் பலர், வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்ட சொற்களைத்தான் தம்முடைய விருப்பமாகச் சொல்கிறார்கள். 'தெரியவில்லை' என்று ஒப்புக்கொள்ளும் உங்கள் நேர்மை அவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து வரக்கூடும். நீங்கள் யாருக்கும் பின்தங்கிவிடவில்லை.

ஆர்வம் பெரும்பாலும் பழக்கத்தால் வளர்வது. பள்ளியில் நீங்கள் பாடங்களோடு பழகியிருக்கிறீர்கள், வேலைகளோடு பழகியதில்லை. உயிரியல் தேர்வில் முழு மதிப்பெண் பெறுவதற்கும், வலியாலும் அச்சத்தாலும் பொறுமையிழந்த நோயாளிகளை நாள் முழுவதும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து, கடைசியாக வருபவரிடமும் முகம் கோணாமல் பேசுவதற்கும் இடையே உள்ள தொடர்பு மிகச் சிறியது. அதேபோல், கணக்கு நன்றாக வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பிழையைத் தேடி எட்டு மணி நேரம் கணினித் திரையின் முன் உட்கார்ந்திருக்கும் மென்பொருள் வேலை பிடித்துவிடுவதில்லை. ஆகவே, 'நான் என்ன ஆக வேண்டும்?' என்ற கேள்வியைச் சிறிது காலம் ஒதுக்கிவிட்டு, 'ஒரு சாதாரண நாளில் என்ன வேலையைச் செய்துகொண்டிருந்தால் எனக்குச் சலிக்காது?' என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு விடை கற்பனையில்தான் கிடைக்கும். இரண்டாவதற்கு நேரில் போய்ப் பார்த்தே விடை காணலாம்.

செய்யக்கூடியது இதுதான். மருத்துவத்தையும் சேர்த்து மூன்று துறைகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பத்தாண்டுகளாக வேலை செய்யும் ஒருவரையும், அதே படிப்பில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ இருக்கும் ஒருவரையும் தேடிப் பிடித்து அரை மணி நேரம் பேசுங்கள். 'இந்தத் துறை நல்ல துறையா?' என்று கேட்டால் எல்லாரும் நல்ல துறை என்றே சொல்வார்கள். நேற்றுக் காலை முதல் மாலை வரை என்னென்ன செய்தீர்கள், அதில் எந்தப் பகுதி உங்களைக் களைப்படையச் செய்தது, படிப்பு தொடங்கி எத்தனையாவது ஆண்டில் உங்கள் செலவை நீங்களே பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பாதித்தீர்கள், உங்களோடு சேர்ந்தவர்களில் யார் பாதியில் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் விடையில்தான், கல்லூரிகளின் அறிமுகக் கையேடுகளில் இடம்பெறாத செய்திகள் இருக்கும். பிறகு அந்தப் படிப்பின் முதலாண்டுப் பாடநூல் ஒன்றை நூலகத்தில் வாங்கி ஓர் இயலை முழுவதும் படியுங்கள். புரிகிறதா என்பதைவிட, புரியாத இடத்தில் மீண்டும் படிக்கத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் எதுவும் தெளிவாகவில்லை என்றால், எந்தப் படிப்பிலிருந்து திரும்பி வருவது எளிது என்று பாருங்கள். கணிதத்தையும் புள்ளியியலையும் அடிப்படையாகக் கொண்ட படிப்பை முடித்தவர் பிறகு பொருளியல், கணினி, காப்பீடு, ஆய்வு என்று பல பக்கம் திரும்ப முடிகிறது. கணிதத்தை விட்டுவிட்டுப் போனவர் நான்காண்டு கழித்து அதற்குத் திரும்புவது கடினம். மருத்துவமோ பல நாடுகளில் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள், அதன் மேல் சிறப்புப் பயிற்சி மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ என நீளும் பாதை. அதில் கற்றவற்றுள் பெரும்பகுதி அந்தத் துறைக்குள் மட்டுமே பயன்படும். வேண்டி விரும்பிச் செல்கிறவர்களுக்கு அது மிகச் சிறந்த வாழ்க்கை. வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் செல்கிறவர்களுக்கு அந்த நீளம் பெரிய சுமையாகிவிடும்.

சார்லஸ் டார்வினின் இளமைக்காலம் உங்கள் நிலைக்கு அருகில் வருவதால் அதைச் சொல்கிறேன். மருத்துவரான அவருடைய தந்தை அவரை 1825ஆம் ஆண்டில், பதினாறு வயதில், எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்து அறுவைச் சிகிச்சையைக் காணப் பொறுக்காமல் அவர் 1827இல் படிப்பைக் கைவிட்டார். அடுத்து, கிறித்தவப் போதகராகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயும் பாடத்திட்டம் அவரை ஈர்க்கவில்லை. வண்டுகளைச் சேகரிப்பதும், தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவோடு நடந்துகொண்டே பேசுவதும் அவரை ஈர்த்தன. 1831ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்திரண்டு வயதில், 'பீகிள்' கப்பலில் ஏறும் வாய்ப்பு அந்தப் பழக்கத்தின் வழியாகவே வந்தது. அவருடைய தந்தை வசதி படைத்தவர், இரண்டு முறை தவறினாலும் தாங்கிக்கொள்ள முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாக் குடும்பங்களாலும் அது முடியாது. அதனால்தான் சேர்வதற்கு முன்பே நேரில் போய்ப் பார்த்துக் கேட்டுவிடுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பெற்றோரிடம் 'மருத்துவம் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். ஆறு பேரிடம் பேசி எழுதி வைத்த குறிப்புகளோடு உட்கார்ந்தால் உரையாடலே வேறுவிதமாக அமையும். குறிப்புகளைச் சேகரித்த பிறகு, மருத்துவம்தான் வேண்டும் என்று உங்களுக்கே தோன்றவும் கூடும். அப்படித் தோன்றினால் அதையும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறுவயதிலிருந்தே மின்சாதனங்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பதில்தான் என் பொழுது போகிறது. தொழிற்பயிற்சியில் சேர விரும்புகிறேன். 'இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு இதற்கா போகிறாய்?' என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மதிப்பெண்ணை வீணாக்குகிறேனா? – ஒரு மாணவர்

பதில்: மதிப்பெண் நீங்கள் கற்றதன் அளவு, அதைச் செலவழித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நல்ல மதிப்பெண் பெறும் அளவுக்குக் கணக்கும் இயற்பியலும் அறிந்த ஒருவர் மின்பணிக்கு வந்தால் அந்தத் தொழிலுக்குத்தான் நன்மை. மின்சுற்றின் சுமையைக் கணக்கிடாமல் கம்பியின் பருமனைத் தேர்ந்தெடுப்பவரால் வீடுகள் தீப்பற்றுகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வேலைக்கு அறிவு தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வியை முடிக்கும் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்வியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனியில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் தொழில்கள் 300க்கும் மேல் இருக்கின்றன. பயிற்சி பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள். இரு நாடுகளிலும் பயிற்சி பெறுபவர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியில் படித்துவிட்டு, மற்ற நாட்களில் ஒரு நிறுவனத்தில் ஊதியத்தோடு வேலை செய்கிறார். அங்கே கைத்தொழில் மதிக்கப்படுவதற்குக் காரணம், பயிற்சியின் முடிவில் கடுமையான தேர்வு இருப்பதும், அதில் தேறியவர் விரும்பினால் மேற்படிப்புக்கு ஏறிச் செல்ல வழி இருப்பதும்தான் என்று நினைக்கிறேன்.

நீங்களும் சேரப்போகும் இடத்தில் இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சான்றிதழை வைத்து மின்பணி செய்வதற்கான உரிமம் பெற முடியுமா? ஐந்தாண்டு கழித்துப் பொறியியல் பட்டயமோ பட்டமோ படிக்க நினைத்தால் அந்தச் சான்றிதழ் ஏற்றுக்கொள்ளப்படுமா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவதற்கும் அப்படியே வந்தால் வேறு இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பயிற்சிக் கூடத்தை நேரில் பாருங்கள். கருவிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளப்பாக இருந்தால் மாணவர்களின் கை அவற்றில் படுவதில்லை என்று பொருள். தேய்ந்த திருப்புளிகளும் பழுதாகிப் பிரித்துக் கிடக்கும் மோட்டார்களும் இருக்கும் கூடமே எனக்கு நம்பிக்கை தருகிறது.

கேள்வி: நான் விரும்பிய படிப்புக்கான நுழைவுத் தேர்வில் சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழந்தேன். ஓராண்டு வீட்டிலிருந்து படித்து மீண்டும் எழுதலாமா? – ஒரு மாணவி

பதில்: எழுதிய வினாத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு, தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: பாடமே தெரியவில்லையா, தெரிந்தும் நேரம் போதவில்லையா, அவசரத்தில் பிழை செய்தீர்களா. நேரமும் அவசரமும் காரணமென்றால் ஓராண்டுப் பயிற்சியில் சரிசெய்ய முடியும். பாடத்தின் பெரும்பகுதி தெரியவில்லை என்றால், இரண்டு ஆண்டுகளில் ஏறாதது ஒரே ஆண்டில் ஏறுவதற்கு இப்போது என்ன மாறியிருக்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதுவது என்று முடிவெடுத்தால், மூன்றாம் மாத இறுதியில் ஒரு முழுத் தேர்வை நேரக் கட்டுப்பாட்டோடு எழுதிப் பார்க்கும் நாளை இப்போதே குறித்துவிடுங்கள். அதில் முன்னேற்றம் தெரியாவிட்டால் வேறு படிப்பில் சேர்வது என்றும், அதற்கான விண்ணப்பக் கடைசி நாள் எது என்றும் அதே தாளில் எழுதி வையுங்கள். வீட்டில் தனியாக ஓராண்டு இருப்பது மனத்தை வாட்டும். வாரத்தில் சில மணி நேரமாவது மற்றவர்களோடு சேர்ந்து செய்யும் ஒரு வேலை இருக்கட்டும். இந்த இரண்டாவது முயற்சிக்குப் பிறகு மூன்றாவது வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: என் மகனுக்கு இயற்பியல் என்றால் உயிர். பட்டப்படிப்பில் சேர ஆசைப்படுகிறான். குடும்பத்தின் இன்றைய நிலையில் அவன் உடனே வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா என்றும் நினைக்கிறேன். அவன் கனவைக் கலைத்துவிடுவேனோ என்று தூக்கம் வருவதில்லை. – ஒரு தந்தை

பதில்: ஐயா, உங்கள் மகனிடம் குடும்பத்தின் வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பிள்ளைகள் வருந்துவார்கள் என்று கணக்கை மறைத்துவிட்டு முடிவை மட்டும் சொல்லும்போதுதான், தம் விருப்பத்தை அப்பா மதிக்கவில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். கணக்கைப் பார்க்கும் பிள்ளை பல சமயம் நமக்குத் தோன்றாத வழியைச் சொல்வதை நான் கண்டிருக்கிறேன்.

கடனைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். நான்காண்டுப் படிப்புக்கு மொத்தம் 100 பங்கு பணம் தேவை என்றும், அதை ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25 பங்காக, ஆண்டுக்கு 10 விழுக்காடு கூட்டு வட்டியில் வாங்குகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்தில் எதையும் கட்டாவிட்டால், பட்டம் பெறும் நாளில் கடன் ஏறத்தாழ 128 பங்காகியிருக்கும். அந்தந்த ஆண்டின் வட்டியை மட்டும் கட்டிவந்தால் அது 100 பங்கிலேயே நிற்கும். மகன் மாலை நேரத்தில் செய்யும் சிறிய வேலையின் வருமானம்கூட இந்த வட்டிக்குப் போதுமானதாக இருக்கலாம். கடனைத் தீர்மானிக்கும் முன், அதே படிப்பை முடித்தவர்கள் முதல் வேலையில் பெறும் ஊதியத்தை விசாரித்து, மாதத் தவணை அதில் எத்தனையில் ஒரு பங்கு வருகிறது என்று பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் தயங்குவேன். கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் கிடைக்குமா என்பதை, கல்லூரியில் சேர்ந்த பிறகு கேட்பதைவிட விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

கடன் வேண்டாம், வேலைதான் என்று முடிவானால் அதோடு இயற்பியல் முடிந்துபோவதில்லை. சர் சி. வி. இராமன் 1907ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்றபோது, ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு இந்தியாவில் மிக அரிது. அதனால் அவர் அரசின் நிதித் துறைத் தேர்வை எழுதிக் கல்கத்தாவில் அதிகாரியாகப் பணியில் சேர்ந்தார். அலுவலகத்துக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் அங்கிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். இப்படிப் பத்தாண்டுகள் கழிந்தன. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவிக்கு அழைப்பு வந்தபோது, ஊதியம் குறைவு என்று தெரிந்தே அதை ஏற்றுக்கொண்டார். 1928ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பும் 1930ஆம் ஆண்டு நோபல் பரிசும் அதற்குப் பின் வந்தவை. அவர் வேலைக்குப் போகும் முன்பே முதுகலை முடித்திருந்தார். உங்கள் மகன் பட்டப்படிப்பையே இனித்தான் தொடங்க வேண்டும் என்ற வேறுபாடு பெரியது. ஆனாலும் அந்தப் பத்தாண்டுகளில் ஆய்வோடு தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டாரே, அதை உங்கள் மகனும் செய்ய முடியும்.

பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (Open University) என்ற பெயரில் 1969ஆம் ஆண்டிலும் இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் 1985ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை போன்ற நிறுவனங்கள், வேலையில் இருப்பவர்களும் பட்டம் பெற வேண்டும் என்பதற்காகவே உருவானவை. அதில் சேரும்போது உழைப்பின் அளவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஐரோப்பியக் கணக்குப்படி முழுநேரப் படிப்பின் ஓராண்டு என்பது 1,500 முதல் 1,800 மணி நேர உழைப்பு. அதில் பாதி வேகத்தில் படித்தாலும் ஆண்டு முழுவதும் வாரத்துக்கு 14 முதல் 17 மணி நேரம் வேண்டும். மூன்றாண்டுப் படிப்பு ஆறு ஆண்டுகளாகும். வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஊதியத்தோடு இதையும் பாருங்கள்: வேலை நேரம் நிலையானதா, இரவுப் பணி மாறி மாறி வருமா, போய்வர எவ்வளவு நேரமாகும்? சற்றுக் குறைந்த ஊதியத்தில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்தை விட்டுவைக்கும் வேலை கிடைத்தால், உங்கள் மகனைப் பொறுத்தவரை அதுவே மேலான வேலை. இயற்பியலில் செய்முறைப் பயிற்சியும் கட்டாயம் என்பதால், தொலைநிலைப் படிப்பாக இருந்தால் ஆய்வுக்கூட வகுப்புகள் எங்கே, எந்த நாட்களில் நடக்கும் என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எத்தனை ஆண்டுகளுக்கு அவன் வருமானம் குடும்பத்துக்குத் தேவை என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு என்றால் இரண்டு ஆண்டு என்றே சொல்லி, நாளையும் குறித்து, அதைக் காப்பாற்றுங்கள். எல்லை தெரிந்த காத்திருப்பைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: சேர்க்கைக்கு விருப்ப வரிசைப் பட்டியல் நிரப்பச் சொல்கிறார்கள். உண்மையில் பிடித்த கல்லூரியை முதலில் எழுதினால், அது கிடைக்காதபோது இரண்டாவதும் போய்விடும், அதனால் கிடைக்கக்கூடியதையே முதலில் எழுது என்கிறார்கள் நண்பர்கள். சரியா? – ஒரு மாணவர்

பதில்: இடங்களை எந்த விதிப்படி ஒதுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1962ஆம் ஆண்டில் டேவிட் கேல், லாய்டு ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் காட்டிய முறையில் கல்லூரி ஒவ்வொரு சுற்றிலும் மாணவரைத் தற்காலிகமாக மட்டுமே ஏற்கும். அவரைவிடத் தகுதி கூடியவர் பின்னால் வந்தால் இடம் அவருக்குப் போகும். இம்முறையில் உங்கள் முதல் விருப்பம் கைகூடாமல் போனாலும் இரண்டாவதில் உங்களுக்குரிய முன்னுரிமை சிறிதும் குறையாது. தரவரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து, மீதமுள்ள இடங்களில் அவருடைய பட்டியலில் மேலே இருப்பதைக் கொடுக்கும் முறைக்கும் இது பொருந்தும். இந்த இரண்டு முறைகளிலும், உள்ளபடி பிடித்த வரிசையில் எழுதுவதே சரி. பயந்து மாற்றி எழுதினால் இழப்பு உங்களுக்குத்தான். இந்த ஆய்வுக்கும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததற்கும் ஷேப்லியும் ஆல்வின் ராத்தும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வது பொருந்தும் முறையும் ஒன்று உண்டு. முதல் விருப்பமாக எழுதியவர்களை வைத்தே ஒரு கல்லூரி தன் இடங்களை நிரப்பி முடித்துவிட்டால், அதை இரண்டாவதாக எழுதியவருக்கு இடமே மிஞ்சாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இப்படி ஒரு முறை இருந்தது. பெற்றோர் உண்மையை எழுதத் தயங்கியதால் 2005இல் அதைக் கைவிட்டார்கள். ஆகவே விதிமுறைக் கையேட்டில், 'இரண்டாம் விருப்பமாக எழுதியவரும் முதல் விருப்பமாக எழுதியவருக்குச் சமமாகக் கருதப்படுவாரா?' என்பதற்கு விடையைத் தேடுங்கள். கையேட்டில் இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்தில் இதே சொற்களில் கேளுங்கள். ஆம் என்றால் மனத்தில் உள்ள வரிசையையே எழுதுங்கள். பட்டியலில் இத்தனை பெயர்தான் எழுதலாம் என்ற வரம்பு இருந்தால், உறுதியாகக் கிடைக்கக்கூடிய இரண்டு இடங்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைத்தாலும் சேர மாட்டீர்கள் என்று தெரிந்த எந்தக் கல்லூரியையும் பட்டியலில் எழுத வேண்டாம்.